பின்குறியை நகர்த்தியவள் நான்

எனக்குப் பேசத் தெரியும். இதைச் சற்று அடக்கத்தோடு சொல்லலாமே என்று அறிவுரை கூறியவர்கள் உண்டு. மெய்யை எதற்காகக் குனிந்து சொல்ல வேண்டும் என்று அவர்களையே திருப்பிக் கேட்டிருக்கிறேன். பள்ளிக் காலத்தில் மாகாண மட்டம் வரை விவாத மேடைகளில் நின்றவள் நான். அந்த மேடைகளின் விதி எளியது. நமக்கு எந்தப் பக்கம் என்பதைச் சீட்டு தீர்மானிக்கும். அந்தப் பக்கமே நியாயம் என்பதை நாம் தீர்மானிப்போம். ஒரே தலைப்பைக் காலையில் ஆதரித்து, மாலையில் எதிர்த்து, இரண்டு முறையும் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைகிறது என்று வீட்டில் முறையிட்டார்கள். ஏதேனும் விளையாட்டில் சேர் என்றார்கள். எனக்கு ஓடப் பிடிக்காது. பந்தைத் துரத்துவதில் எந்தக் கௌரவமும் இருப்பதாகத் தோன்றியதில்லை. அசையாமல் நிற்பதே ஆட்டத்தின் பாதி என்றிருந்த ஒன்று கடைசியில் கிடைத்தது. மாத்தளையிலிருந்து தம்புள்ளை பஸ்ஸில் ஏறி, நாலந்தாவைத் தாண்டி இறங்கி, உள்ளே கால் மணி நேரம் நடந்தால் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி. மூன்று பக்கமும் பாறைச் சுவர், ஒரு பக்கம் தகரக் கொட்டகை. அதுதான் எங்கள் கழகத்தின் சுடுகளம். முறையான அனுமதிகள் வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் ஞாயிறு தவறாமல் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். கேட்பதும் பேச்சாளரின் பயிற்சிதான்.

கழகத்தில் பிஸ்டல்கள் நான்கு. அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் மேலே சிறிய கண்ணாடிச் சட்டம் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. நெற்றிப்பொட்டு அளவே உள்ள அந்தச் சட்டத்துக்குள் பார்த்தால் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். புள்ளியை இலக்கின் மேல் வைத்து விசையை அழுத்தினால் போதும். எல்லோரும் அதை டொட் என்றுதான் சொல்வோம். அந்த டொட்டின் முன்னும் பின்னும் பழைய முறையிலான இரும்புக் குறிகள் இரண்டும் இருந்தன: குழல் முனையில் முளைபோல் ஒரு முன்குறி, பின்னால் நடுவே வெட்டுவிட்ட ஒரு பின்குறி. வழக்கத்தைவிட உயரமானவை. கண்ணாடிக்குள் பார்க்கும்போது அதன் அடிப்பகுதியில் அவையும் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த உயரம். மழைத்துளி விழுந்தோ, குவாரியின் காலைப் பனி படிந்தோ, மின்கலம் தீர்ந்தோ டொட் கைவிட்டால், இரும்புக் குறிகளைக் கொண்டு சுடலாம்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதக் கூட்டத்தில், அந்த இரும்புக் குறிகளைக் கழற்றிவிடலாமா என்றொரு பேச்சு எழுந்தது. அவை கண்ணாடிக்குள் குறுக்கே நிற்கின்றன என்பது சிலரது குறை. எனக்கு எழுந்து நிற்கக் காரணம் வேண்டியிருந்தது, எழுந்தேன். மின்விளக்கு எரியும் வீட்டில் அதன் கீழே குப்பிவிளக்கையும் ஏற்றி வைப்பவர் யார் என்று தொடங்கினேன். பழமைக்குச் செலுத்தும் மரியாதையைக் கருவியின் மேல் சுமத்தலாகாது என்று முடித்தேன். கொட்டகை முழுதும் கைதட்டியது.

எதிர்த்துப் பேசியவர் ஒருவரே. மாத்தளை நகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர், நாற்பதைத் தொட்டவர். கழகத்தில் சிங்களவர் உட்பட எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். அவர் எழுந்துகூட நிற்கவில்லை.

"கரண்ட் போற நாட்டுலதான் தங்கச்சி நாம இருக்கோம்" என்றார்.

அதற்கும் சிரித்தார்கள், ஆனால் கை என் பக்கமே உயர்ந்தது. களப் பொறுப்பாளர் பல்லேகமவில் வயல் செய்யும் சிங்களவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், தங்கை என்பதற்கு மட்டும் சிங்களத்தில் நங்கி என்பார். உயர்ந்த கைகளை எண்ணிவிட்டு, "நங்கி ஜெயிச்சிட்டாங்க. நல்லாப் பேசினாங்க. இரும்பு அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

நான் வென்றும் தீர்ப்பு நிறைவேறாத ஒரே விவாதம் அது.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாகாண அணிக்கு எங்கள் கழகத்திலிருந்து ஒருவரை அனுப்பலாம். டொட் பிரிவில் தகுதி பெற்றிருந்தவர்கள் இருவர்: நானாவும் நானும். இருவருக்கும் கழகத்தில் இருந்த அந்த ஒரே பிஸ்டல்தான். ஒருவர் சுட்ட பின் மற்றவர் அதையே எடுத்துச் சுட வேண்டும். நானா நான்கு ஆண்டுகளாக இரண்டாம் இடத்தில் நின்றவர். நான் அந்த இடத்தை முதல் முயற்சியிலேயே எடுப்பேன் என்று வீட்டிலும் தேவாலயத்திலும் படிப்பறையிலும் அறிவித்திருந்தேன். அறிவித்துவிட்டுச் செய்வது என் பழக்கம்.

அணித் தேர்வுக்கு முந்தைய வாரம் களத்தில் சுட மாட்டார்கள். தோட்டாக்கள் ஒதுக்கீட்டில் வருபவை. இருப்பதைத் தேர்வு நாளுக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். ஆனால் துப்புரவு முறை நிற்காது. பட்டியலில் பெயர் உள்ளவர் பொறுப்பாளர் முன்னிலையில் இரும்புப் பெட்டியைத் திறந்து, பிஸ்டலைத் துடைத்து, எண்ணெய் இட்டு, செய்ததைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமை என் முறை.

கொப்பியைப் புரட்டினேன். புதன்கிழமை நானாவின் கையெழுத்தில் இரண்டே சொற்கள்: பெட்டரி மாற்றினேன். பொறுப்பாளர் வாசலில் யாருடனோ தொலைபேசியில் நெல் விலை பேசிக்கொண்டிருந்தார். நான் பிஸ்டல் வெறுமையாக இருப்பதை இரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, வெள்ளைச் சுவரை நோக்கி நீட்டினேன்.

குறிகள் சரியாக இருந்தால் நிகழ வேண்டியது இதுதான். முன்குறியைப் பின்குறியின் வெட்டுக்குள் நடுவே நிறுத்தினால், மெய்யெழுத்தின் தலையில் புள்ளி அமர்வதுபோல் முன்குறியின் உச்சியில் சிவப்புப் புள்ளி அமர வேண்டும். அன்று அது உச்சியில் இல்லை. ஒரு மயிரிழை வலப்பக்கம் விலகி நின்றது.

இரண்டு கூற்றுகள், அவற்றுள் ஒன்று பொய். இப்படியொரு நிலை வந்தால் என் உள்ளம் குளிர்ந்துவிடும். எது பொய் என்று ஆராய்ந்தேன். கண்ணாடி புதியது, விலை உயர்ந்தது, எங்கும் ஒரு கீறல் இல்லை. பின்குறியின் ஓரத்திலோ பழைய கீறல் ஒன்று இருந்தது. எதிலோ இடிபட்டு நகர்ந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். இரும்புக் குறிகளுக்கு எதிராகக் கூட்டத்தில் பேசி வென்றிருந்ததும் அந்த முடிவுக்குள் ஒரு காரணமாக இருந்தது. அப்போது அதை நான் காரணங்களோடு சேர்த்து எண்ணவில்லை.

பின்குறியைத் தள்ளுவதற்கென்றே ஒரு சிறு கருவி பெட்டிக்குள் உண்டு. அதன் திருகைக் கால் சுற்று திருகிப் பார்த்தேன். இன்னும் சற்றுத் திருகினேன். பின்குறி இடப்பக்கம் நகர்ந்தது. மீண்டும் சுவரை நோக்கினேன். புள்ளி உச்சியில் அமர்ந்திருந்தது.

பிறகு கொப்பியைத் திறந்தேன். அந்தக் கொப்பியில் எல்லோரும் எழுதுவது துடைத்தேன், எண்ணெய் இட்டேன் என்ற அளவில்தான். எனக்கு அது போதவில்லை. நான் எழுதியது இது: 'துடைத்து எண்ணெய் இடப்பட்டது. செம்புள்ளியும் இரும்புக் குறிகளும் எவ்வித முரணுமின்றி ஒன்றோடொன்று முழுமையாக ஒத்து நிற்கின்றன.' இரண்டாம் வாக்கியத்தை மனத்துக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். ஓசை பிசகவில்லை. கையெழுத்திட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு திருப்பலிக் கடமையைச் சனி மாலையிலேயே நிறைவேற்றிக்கொண்டு, ஞாயிறு காலை நானாவின் வானில் போனேன். மருந்துப் பெட்டிகள் ஏற்றும் வான் வண்டி அது. இருக்கையில் எப்போதும் கற்பூரத் தைல வாசனை.

"பேச்சு ஆயத்தம் பண்ணிட்டீங்களா தங்கச்சி? தோத்தா என்ன பேசுறதுன்னு?" என்றார் நானா.

"தோத்தவங்களுக்கு மைக் குடுக்க மாட்டாங்க நானா. அதனால அது உங்க கவலை."

"அஸ்தஃபிருல்லாஹ். காலங்காத்தால இந்த வாய்க்கு முன்னால நான் என்னத்த செய்ய." ஸ்டீயரிங்கை ஒரு கையால் பிடித்தபடி சிரித்தார். "நேத்து நான் போனேன் பெட்டியடிக்கு. உங்க எழுத்த ரெண்டு தரம் வாசிச்சேன். மருந்துக் கம்பெனிக்காரனும் இவ்வளவு வடிவா, அழகா எழுத மாட்டான்."

"நன்றி நானா."

"பெட்டரி நம்ம கடைதான். சுகர் பாக்குற மெஷினுக்குப் போடுவாங்களே, அதே சின்ன வட்டப் பெட்டரி. புள்ளி பளிச்சுனு எரியும். இந்த முறை நான் விடுறதா இல்ல, செல்லிட்டேன்."

"நான் ஒரு மாசத்துக்கு முன்னாலயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றேன்.

தேர்வு இரண்டு பகுதியாக இருந்தது. முதலில் ஏழு மீற்றரில் தாள் இலக்குகள். பிறகு இருபத்தைந்து மீற்றரில், சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றே சிறிய ஆறு இரும்புத் தகடுகள். தகடுகள் விழ வேண்டும். எவ்வளவு விரைவில் விழுகின்றன என்பதும் கணக்கு. சீட்டில் நானாவின் பெயர் முதலில் வந்தது.

தாள் இலக்குகளை அவர் மாத்திரைகளை எண்ணிப் பொதி செய்யும் அதே அமைதியோடு முடித்தார். துளைகள் நடுவிலிருந்து இரண்டு விரல் அகலம் விலகியிருந்தன. அந்தத் தூரத்தில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பிறகு தகடுகள். முதல் தகடு விழவில்லை. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் நான்காவதும் விழவில்லை. நான் பின்வரிசையில் இருந்து பார்த்தேன். தகடுகளுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் புழுதி கிளம்பிய இடங்கள் எல்லாமே தகட்டின் இடப்பக்கம், எல்லாமே அதன் நடுவிலிருந்து ஏறக்குறைய அரைச் சாண் தள்ளி. நடுங்கும் கை இங்குமங்கும் சிதறும். இது சிதறவில்லை. ஆறில் இரண்டே விழுந்தன.

நானா பிஸ்டலை வெறுமையாக்கிக் காட்டி மேசையில் வைத்துவிட்டு, என் அருகில் வந்து அமர்ந்தார். காதுக் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டரி போடணும்னா அந்தக் கண்ணாடிய முழுசாக் கழட்டணும். கீழதான் பெட்டரி" என்றார், எனக்கா அந்தக் கைக்கா என்று தெரியாத குரலில். "கழட்டிப் பூட்டினா புள்ளி கொஞ்சம் அசையும். அசைஞ்சா இரும்புக் குறியப் பாத்துப் புள்ளிய சரிபண்ணிரலாம்னுதான் நேத்துப் போனதே. பாத்தா ரெண்டும் ஒண்ணா நிக்குது. நீங்களும் எழுதியிருந்தீங்க. அப்ப குறியில பிழையில்ல." கையை மூடித் திறந்தார். "கைதான். வயசு போவுது."

அந்த நொடியில் வெள்ளிக்கிழமைச் சுவர் எனக்கு முழுதாக விளங்கிற்று. பொய் சொன்னது கண்ணாடி. இரும்பு உண்மை சொல்லிக்கொண்டு நின்றது. நான் இரும்பைப் பிடித்து, பொய்யோடு உடன்படும் வரை தள்ளியிருக்கிறேன். ஒரு சாட்சி மற்றவரின் கூற்றைக் கேட்டுத் தன் கூற்றைத் திருத்திக்கொண்ட பிறகு அங்கே இரண்டு சாட்சிகள் இல்லை. இரண்டு குரலில் பேசும் ஒரே சாட்சிதான் உண்டு. மறுநாள் வந்த நானா எதை வைத்துப் பிழையைக் கண்டுபிடித்திருப்பாரோ, அதையே நான் அழித்துவிட்டேன். அழித்ததற்கு மேல் அழகான ஒரு வாக்கியத்தையும் பூசிவிட்டேன்.

"அடுத்தது நங்கி" என்று பொறுப்பாளர் அழைத்தார்.

மறைக்காமல் எழுதுகிறேன். மேசைக்கு நடந்த பத்தடிகளில் இரண்டு கணக்குகள் என் தலைக்குள் முடிந்துவிட்டன. முதலாவது: தகட்டின் வலது ஓரத்துக்குச் சற்று வெளியே புள்ளியை வைத்தால் தோட்டா நடுவில் போகும், என்னால் ஆறையும் வீழ்த்த முடியும். இரண்டாவது: அப்படி வீழ்த்தினால் அந்த மனிதர் சாகும்வரை தன் கையை நம்ப மாட்டார். எதிரியின் வாதத்தைத் தகர்த்துப் பெற்ற வெற்றிகளை நான் நேசிப்பவள். எதிரியின் ஒலிவாங்கியைப் பிடுங்கிவிட்டுப் பெறும் வெற்றியை நான் எந்த மேடையிலும் ஏற்றதில்லை.

பிஸ்டலைத் தொடவில்லை. மேசைக்கு முன் நின்று திரும்பி, கொட்டகையில் இருந்த பதினைந்து பேரையும் பார்த்தேன்.

"சேர், ஒரு விஷயம் சொல்லணும். ஒரு போட்டியோட நியாயம் எதுல இருக்குன்னா, ரெண்டு பேருக்கும் ஒரே கருவி, ஒரே தூரம், ஒரே..."

"நங்கி" என்றார் பொறுப்பாளர், நிறுத்தற் கடிகாரத்தை உயர்த்திக் காட்டி. "சுருக்கமா."

வாழ்நாளில் நான் பேசியவற்றுள் மிகக் குறுகிய உரை அதன் பிறகு வந்தது.

"பின்குறியை நகர்த்தினது நான். வெள்ளிக்கிழமை. யாருக்கும் சொல்லல. நானா கையில பிழையில்ல."

பொறுப்பாளர் பிஸ்டலை எடுத்து மணல்மூட்டையில் சாய்த்து, தாள் இலக்கொன்றில் தானே மூன்று முறை சுட்டார். மூன்றும் இடப்பக்கம், ஒரே கொத்தாக. பின்னர் எண்ணெய்க் கறையில் தெரிந்த பழைய தடத்தைப் பார்த்துப் பின்குறியைத் தன் இடத்துக்குத் தள்ளினார். புள்ளி மறுபடி வலப்பக்கம் விலகித் தெரிந்தது. கண்ணாடியின் சிறு திருகை ஒவ்வொரு சொடுக்காகத் திருப்பி அதை முன்குறியின் உச்சிக்குக் கொண்டுவந்தார். மீண்டும் மூன்று. இம்முறை நடுவில்.

நானா என்னைப் பார்த்தார்.

"எழுதியிருந்தீங்களே, ஒத்து நிக்குதுன்னு."

"பொய் எழுதல நானா. ஒத்துத்தான் நின்னுச்சு."

"அதுதான் புள்ள எனக்குப் பயமா இருக்கு" என்றார். பிறகு தன் வலது கையை எடுத்து என் முன் நீட்டி, "இதுகிட்ட மன்னிப்புக் கேளுங்க. நான் இத என்னெல்லாம் ஏசினேன்" என்றார். கொட்டகை சிரித்தது. நான் அந்தக் கையிடம், முறைப்படி, தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டேன். தலை தாழ்த்தியது அன்று ஒரு முறைதான்.

கழகத்தின் பிஸ்டல், கழகத்தின் கொப்பி, ஆகவே நானா மறுபடி சுடுவார் என்று பொறுப்பாளர் தீர்ப்பளித்தார். பிழை செய்தவர் முதலில் சுட வேண்டும் என்பதும் அவர் தீர்ப்பே. நான் மேசைக்குப் போனேன். தாள் இலக்குகள் சுத்தமாக முடிந்தன. தகடுகளில் முதல் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அந்த ஓசை கைதட்டலைவிட இனியது என்பதை அன்று அறிந்தேன். ஆறாவதில் விசையை ஒரு கணம் முந்தி இழுத்துவிட்டேன். தோட்டா தகட்டுக்குக் கீழே மண்ணில் போயிற்று. புள்ளியில் பிழையில்லை, இரும்பிலும் பிழையில்லை. அந்த ஒன்று முழுக்க முழுக்க என்னுடையது.

நானா ஆறையும் வீழ்த்தினார். நேரத்திலும் என்னை முந்தினார்.

மாகாண அணிக்கு அவர் போனார். முதல் முயற்சியிலேயே அந்த இடத்தை எடுப்பேன் என்று நான் அறிவித்த எல்லா இடங்களுக்கும் சென்று, இரண்டாம் முயற்சியில் எடுப்பேன் என்று திருத்தி அறிவித்தேன். அறிவிப்பை நான் திரும்பப் பெறுவதில்லை.

அன்று புறப்படுமுன் கொப்பியைக் கேட்டு வாங்கினேன். என் வெள்ளிக்கிழமை வாக்கியத்தை வெட்டவில்லை; அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன். அதன் கீழே எழுதினேன்: பின்குறியை இடப்பக்கம் நகர்த்தியிருந்தேன். பிழை. பிறகு கைப்பையிலிருந்து நகச்சாயக் குப்பியை எடுத்து, பொறுப்பாளரின் அனுமதியோடு, பின்குறியின் மேலும் அது அமர்ந்திருக்கும் இரும்பின் மேலுமாகச் சேர்த்து ஒரு மெல்லிய கோடு இழுத்தேன். இனி யார் தள்ளினாலும் கோடு உடைந்து தெரியும். கண்ணாடியின் திருகுகளுக்கும் அவ்வாறே இட்டேன். எங்கள் கழகத்தின் பிஸ்டலில் இன்றும் கருஞ்சிவப்பில் அந்தக் கோடுகள் இருக்கின்றன. அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று புதிதாகச் சேர்பவர்கள் கேட்டால், சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏழு நிமிடத்தில் சொல்லி முடிப்பேன்.

நானா கொப்பியை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்தார்.

"இந்தத் தரம் வடிவா இல்லையே தங்கச்சி."

"வடிவா எழுதினா நீங்க நம்பிருவீங்க நானா" என்றேன்.

அதன் கீழே சாட்சியாக அவரும் கையெழுத்திட்டார். வானில் எனக்கு முன்னிருக்கைக் கதவைத் திறந்துவிட்டார்.